புரத நாரை மாத்தி அமைச்சு செடிச் சாறைப் பிரிக்கறது: அடிக்கடி கேக்கற கேள்விகள்

செடிச் சாறுல கலந்து கிடக்கற ஃபிளேவனாய்டு, டானின், கேட்டச்சின் மாதிரி சமாச்சாரங்கள தனித்தனியா எடுக்கறதுக்கு, விலங்குல இருந்து வர்ற நாரை, அதாவது தோல்ல இருக்கற கொலாஜன், பட்டு, ஆட்டு ரோமம் இதையெல்லாம் கொஞ்சம் மாத்தி யூஸ் பண்ற வேலை இது. புதுசா உள்ள வர்றவங்க திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளத்தான் கேக்கறாங்க, நானும் ஆரம்பத்துல அதையேதான் கேட்டேன், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், நாரை அடைச்சு சாறு ஊத்தற கண்ணாடி சாதனத்த இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி காலம்னு (column) எழுதுனா நேரம்னு படிச்சிருவீங்க, அதனால எல்லா இடத்துலயும் குழாய்னே எழுதியிருக்கேன்.

விலங்கு நாருக்கும் செடிச் சாறுக்கும் என்னங்க சம்பந்தம்?

ரொம்பப் பழைய சம்பந்தம். கடுக்காய், ஓக் பட்டை, வேலம்பட்டை இதுல தோலை ஊறவச்சுப் பதப்படுத்தறாங்க இல்லையா, அங்க நடக்கறது என்னன்னா பட்டைல இருக்கற டானின் தோல்ல இருக்கற கொலாஜன் நாரைப் பிடிச்சுக்கிட்டு விடாம உக்காந்துக்குது, அதனாலதான் தோல் அழுகாம இருக்கு. நாம பண்றதும் அதே சேர்க்கைதான், ஆனா தோல் நல்லா வரணும்னு இல்ல, சாறுல இருந்து வேணுங்கற பொருள் தனியா வரணும்னு.

1803லயே ஹம்ப்ரி டேவிங்கற இங்கிலாந்து வேதியியலாளர் செடி டானினையும் ஜெலட்டினையும் சேர்த்து வீழ்படிவு ஆக்கி, எந்தப் பட்டைல எவ்வளவு டானின் இருக்குன்னு அளந்து பார்த்திருக்காரு. இன்னைக்கும் ஐரோப்பிய மருந்து நூல்ல மூலிகைல டானின் அளக்கற முறைல தோல் தூள்தான் யூஸ் பண்றாங்க. சாறுல இருக்கற மொத்த பாலிபீனாலை (டானின், ஃபிளேவனாய்டு, கேட்டச்சின் எல்லாம் சேர்ந்த குடும்பத்துக்கு அதான் பேரு) முதல்ல அளப்பாங்க, அப்புறம் தோல் தூள் போட்டுக் கலக்கி வடிகட்டி மிச்சத்த அளப்பாங்க, குறைஞ்சது எவ்வளவோ அதுதான் டானின் கணக்கு. ஆக இந்த நார் டானினைப் பிடிக்கும்னு புதுசா நிரூபிக்க வேண்டியதே இல்ல, பிடிச்சத முறையா விடவைக்கறதுதான் நம்ம பாடு.

கொலாஜன்ல அப்படி என்ன விசேஷம்?

மூணு சங்கிலி கயிறு முறுக்கின மாதிரி பின்னி இருக்கற அமைப்பு. இந்த மூணு இழை அமைப்ப 1954ல சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வச்சாங்க. ஒரு மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன், அவ்வளவு ஒல்லி. இது பக்கத்துல பக்கத்துல அடுக்கி நுண்ணிழையாகி, நுண்ணிழை சேர்ந்து நாராகி, நார் சேர்ந்து கட்டா வருது.

ஆயிரம் அமினோ அமிலம் எண்ணினா அதுல முன்னூத்தி சொச்சம் கிளைசின், இருநூறு சொச்சம் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும். பாலிபீனாலுக்கு புரோலின் நிறைய இருக்கற புரதம்னா ரொம்பப் பிடிக்கும், கடுங்காபிலயோ ஸ்ட்ராங் டீலயோ நாக்கு இழுத்துப் பிடிக்கற மாதிரி ஆகறதுக்கு எச்சில்ல இருக்கற புரோலின் மிகுந்த புரதம்தான் காரணம். இது போக ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் புரதச் சங்கிலியோட முதுகெலும்புல ஒரு பெப்டைடு பிணைப்பு இருக்கு, அதுல இருக்கற ஆக்ஸிஜன் பீனாலோட ஓஹெச்சை, அதாவது ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த குழுவ, ஹைட்ரஜன் பிணைப்புல பிடிச்சுக்கும். அதாவது பிடிக்கற கை ஆயிரக்கணக்குல, நார் முழுக்க இருக்கு. இத மனசுல வச்சுக்கோங்க, எப்படி மாத்தறதுங்கற கேள்விக்கு இதான் பதில்ல பாதி.

அது தானாவே பிடிக்குதுன்னா எதுக்கு மாத்தணும்?

பச்சை நாரை அப்படியே போட்டுப் பாருங்க, தெரியும். தண்ணில ஊதும், அமிலம் பட்டா இன்னும் ஊதி ஜெல்லி மாதிரி ஆகி குழாயவே அடைச்சுக்கும், ஈரமா இருக்கறப்ப 60 டிகிரி செல்சியஸ தாண்டினா சுருங்கி வடிவம் போயிடும், கிருமி தின்னும், கொஞ்சம் கொஞ்சமா புரதம் கரைஞ்சு உங்க சாம்பிள்லயே கலக்கும். கலந்த புரதம் நீங்க பிரிச்ச பாலிபீனாலையே திரும்பப் பிடிச்சு கலங்கல் ஆக்கும். அதனால முதல் வேலை நாரை நிலைப்படுத்தறது.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாப் படுது. நிறைய பேர் மாத்தி அமைக்கறதுன்னாலே ஒரு கிராம் நார் எத்தன மில்லிகிராம் பிடிக்குதுன்னு அந்த நம்பரை ஏத்தறதுதான்னு நினைக்கறாங்க. பிரிக்கற வேலைல அந்த நம்பர் பாதிதான். எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எதையும் விடாத நார் வடிகட்டத்தான் ஆகும், பிரிக்க ஆகாது. ரெண்டு பொருள்ல ஒண்ண லேசா பிடிச்சு சீக்கிரம் விடணும், இன்னொண்ண கொஞ்சம் அழுத்தமா பிடிச்சு நாம சொல்றப்ப விடணும். மாத்தி அமைக்கறப்ப இந்த வித்தியாசத்த வளர்க்கறதுலதான் உங்க கவனம் இருக்கணும்.

சரி, எப்படித்தான் மாத்தறது?

அதிகம் பண்றது குறுக்குப் பிணைப்பு, அதுக்கு அதிகம் யூஸ் ஆகறது குளுட்டரால்டிஹைடு. இது லைசினோட அமினோ குழுவ ரெண்டு பக்கமும் பிடிச்சு பக்கத்து பக்கத்து இழையக் கட்டிப்போடும், நார் லேசா மஞ்சளாகும். கொலாஜன்ல ஆயிரத்துக்கு முப்பது சொச்சம் லைசின், ஹைட்ராக்ஸிலைசின்தான் இருக்கு. குளுட்டரால்டிஹைடு அந்த முப்பது மேலதான் பெரும்பாலும் போகுது, ஆனா பாலிபீனாலைப் பிடிக்கற கை முதுகெலும்பு முழுக்க இருக்கு, அதனால கட்டிப்போட்டாலும் பிடிக்கற சக்தி பெருசா போறதில்ல. கொலாஜன் இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமா இருக்கறதுக்கு இதான் காரணம்னு நான் உறுதியா நம்பறேன்.

அதுக்காக அள்ளி ஊத்தக்கூடாது. டோஸ் ஏறினா நார் விறைச்சு ஊதறது குறைஞ்சு, பெரிய மூலக்கூறு உள்ள போக வழியில்லாம மேலாப்புலயே நிக்கும். நாலு டோஸ்ல சின்னச் சின்ன பேட்ச் போட்டு, ஒவ்வொண்ணுலயும் மிச்சம் இருக்கற அமினோ குழு எவ்வளவுன்னு நின்ஹைட்ரின்ல (அமினோ குழு இருந்தா நிறம் காட்டற பொருள்) பார்த்து, ஈரத்துல எந்த டிகிரில சுருங்குதுன்னும் பார்த்து, அப்புறம் ஒண்ண எடுங்க. முடிஞ்சதும் ஒரு பக்கம் மட்டும் ஒட்டி தொங்கிட்டு இருக்கற ஆல்டிஹைடை கிளைசின் கரைசல்ல கழுவி மூடணும், இல்லன்னா சாறுல இருக்கற அமின் எல்லாம் அதுல போய் ஒட்டும். பிணைப்பு திரும்ப உடையாம இருக்க சோடியம் போரோஹைட்ரைடு வச்சு ஒடுக்கறவங்களும் உண்டு, ஹைட்ரஜன் வாயு வரும், மூடி போட்டு வைக்காதீங்க. குளுட்டரால்டிஹைடும் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது, ஆவிய வெளிய இழுக்கற லேப் பெட்டிக்குள்ள (fume hood) கையுறை போட்டுத்தான் வேலை.

ஜெனிப்பின்னு ஒண்ணு இருக்கு, கார்டினியா காய்ல இருந்து வர்றது, நச்சுத்தன்மை குறைவு, ஆனா மெதுவா வேலை செய்யும், நார் கருநீலமாயிடும். அந்த நீலத்தால குழாய்ல எந்த நிறப் பட்டை எங்க இறங்குதுன்னு கண்ணால பார்க்க முடியாது, எனக்கு அது பெரிய இழப்பு.

இன்னொரு வழி உலோகம் ஏத்தறது. இரும்பு, சிர்கோனியம் மாதிரி அயனிய நார்ல உக்கார வச்சா, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓஹெச் இருக்கற பொருள், இல்ல ஓஹெச்சும் கீட்டோவும் (கார்பனோட ரெட்டைப் பிணைப்புல இருக்கற ஆக்ஸிஜன்) அடுத்தடுத்து இருக்கற ஃபிளேவனாய்டு, இதையெல்லாம் கொக்கி போட்ட மாதிரி பிடிக்கும். தேர்வு நல்லா இருக்கும், விடவைக்கறது கஷ்டம், அமிலமோ வேற கொக்கி போடற பொருளோ வேணும், அப்ப உலோகமும் கொஞ்சம் கூடவே இறங்கி வரும். மூணாவது, நார் மேல நீளமான கார்பன் சங்கிலி ஒட்டி தண்ணிய வெறுக்கற குணத்த ஏத்தறது. ஓஹெச் கம்மியா இருக்கற பொருளுக்கு அது உதவும்.

பட்டும் ரோமமும் ஆகாதா?

ஆகும், ஆனா வேற வேலைக்கு. பட்டுல முதல்ல செரிசின் பசைய சோடா இல்ல சோப்புத் தண்ணில கொதிக்கவச்சு எடுக்கணும், எடைல கால் பங்கு வரைக்கும் போயிடும். மிச்சம் இருக்கற ஃபைப்ராயின் நெருக்கமா அடுக்கின இழை, உள்ள புக இடம் கம்மி, லைசினும் ரொம்பக் கம்மி. ரோமத்துல இருக்கற கெரட்டின் கந்தகப் பாலத்தால கட்டுண்டு கிடக்கு, அந்தப் பாலத்த ஒடுக்கி உடைச்சா தயால் குழு (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) வெளிய வரும், அதுல வேணுங்கறத ஒட்டவைக்கலாம். மேல எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு படலமும் இருக்கு, அத எடுக்காம தண்ணிக் கரைசல் உள்ளயே போகாது. பாலிபீனால் பிரிக்கறதுக்குன்னா நான் கொலாஜன்தான் சொல்வேன்.

நாரை எப்படித் தயார் பண்றது?

சுண்ணாம்புல ஊறி முடி எடுத்த, ஆனா இன்னும் பதப்படுத்தாத தோல் எடுங்க. சுண்ணாம்பு போக நல்லா கழுவி, நீர்த்த அசிட்டிக் அமிலத்துல கனிமம் போக அலசி, பிஹெச் 5 பக்கம் கொண்டு வந்து நிறுத்துங்க. அப்புறம் தண்ணிய எத்தனால் மாத்தி மாத்தி ஊத்தி வெளிய எடுங்க, குறைஞ்ச சூட்டுல வெற்றிடத்துல காயவச்சு அரைச்சு சல்லடைல சலிச்சா முடிஞ்சது.

எத்தனால் படிய மட்டும் தாண்டிப் போகாதீங்க. முதல் தடவை அவசரத்துல ஈரத்தோடயே 80 டிகிரி ஓவன்ல வச்சுட்டேன், மறுநாள் எடுத்துப் பார்த்தா மாட்டுக் கொம்பு மாதிரி கெட்டியா ஒட்டிக் கிடந்துச்சு, ஒரு வார வேலை போச்சு. ஈரத்துல அந்தச் சூட்டுல மூணு இழையும் பிரிஞ்சு ஜெலட்டின் ஆகுது, அது காயறப்ப பசையாகுது. சூடு கம்மியா வச்சாலும் தண்ணி நேரடியாப் போறப்ப நுண்ணிழைய எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இழுத்து ஒட்டவச்சிடும், எத்தனால் முன்னாடியே தண்ணி இடத்த எடுத்துக்கிட்டா இழை பிரிஞ்சே நிக்கும்.

தோல் ஃபேக்டரில மலை மாதிரி ஷேவிங் தூள் கிடக்கே, அத யூஸ் பண்ணலாமா?

குரோமியத்துல பதப்படுத்தின தூள்னா மருந்து, சாப்பாடு பக்கம் போற எதுக்கும் வேண்டாம். உள்ள இருக்கறது மூணு மின்சுமை குரோமியம்னாலும் அமிலம் பட்டா கொஞ்சம் கரையும், ஆக்ஸிஜனேற்றம் ஆனா ஆறு மின்சுமைக்குப் போகற ஆபத்தும் இருக்கு, அது புற்றுநோய் உண்டாக்கற வகை. பதப்படுத்தறதுக்கு முன்னாடி வெட்டி எறியற துண்டு, பிளந்தெடுத்த கீழ்த்தோல் இதெல்லாம் தாராளமா எடுக்கலாம், குப்பைக்குப் போறது ஒரு நல்ல வேலைக்கு வருதேன்னு உண்மைலயே சந்தோஷமா இருக்கும்.

குழாய்ல எந்தப் பொருள் முதல்ல இறங்கும்?

ஊத்தறது சாறு, அப்புறம் தண்ணி, அப்புறம் எத்தனால் அளவ படிப்படியா ஏத்தி ஊத்தணும். சர்க்கரை, உப்பு, கஃபீன் மாதிரி பீனால் ஓஹெச் இல்லாதது தண்ணிலயும் லேசான எத்தனால்லயுமே ஓடிடும். அடுத்து சர்க்கரை ஒட்டின ஃபிளேவனாய்டு, அதுக்கப்புறம் சர்க்கரை இல்லாதது. ருட்டினும் குவெர்செட்டினும் ஒரே ஃபிளேவனாய்டு குடும்பம்தான், ருட்டின்ல ரெண்டு சர்க்கரை ஒட்டியிருக்கு, அது தண்ணிய விரும்பும், பீனால் ஓஹெச் ஒண்ணையும் மறைச்சிடும், அதனால முன்னாடியே வரும்.

ஓஹெச் எண்ணிக்கைய வச்சு ஒரு குத்துமதிப்பு போடலாம். ஏபிஜெனின்ல 3, கேம்ப்ஃபெரால்ல 4, குவெர்செட்டின்ல 5, டீல இருக்கற எபிகேலோகேட்டச்சின் கேலேட்ல 8. ஏற ஏற இறுக்கமாப் பிடிக்கும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு எண்ணாதீங்க, பக்கத்துல பக்கத்துல இருக்கற ஓஹெச் தங்களுக்குள்ளயே பிணைச்சுக்கிட்டா நாருக்குக் கொடுக்கற கை குறையும், கீட்டோவுக்குப் பக்கத்துல இருக்கற ஓஹெச்சும் அப்படித்தான். டானின் கடைசி, நிறைய இடத்துல ஒரே நேரத்துல ஒட்டறதால ஒரு கை விட்டாலும் மத்தது பிடிச்சுக்கிட்டே இருக்கும்.

பிடிக்கறது ஹைட்ரஜன் பிணைப்பா, தண்ணிய வெறுக்கற ஈர்ப்பான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

இத எல்லாருமே பண்ணிப் பாக்கணும், ரொம்ப சுலபம், ஆனா கட்டுரை எழுதறவங்கள்லயே பாதிப்பேரு பண்றதில்ல. ஒரே சாறு, ஒரே நார், நாலு குடுவை. ஒண்ணு சும்மா. ஒண்ணுல யூரியா போடுங்க, அது ஹைட்ரஜன் பிணைப்பத்தான் முக்கியமா கெடுக்கும். ஒண்ணுல உப்பு போடுங்க, தண்ணிய வெறுக்கற ஈர்ப்பா இருந்தா உப்புல கூடும், மின்சுமை ஈர்ப்பா இருந்தா குறையும். கடைசில எத்தனால், அது தண்ணிய வெறுக்கற ஈர்ப்ப முதல்ல தளர்த்தும், ஹைட்ரஜன் பிணைப்புலயும் போட்டிக்கு வரும். நாலையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒரு தெளிவு வரும், அதுக்கப்புறம் எந்தக் கரைசல்ல இறக்கணும்னு யாரையும் கேக்க வேண்டியதே இல்ல.

குழாய் அடைச்சுக்குது, என்ன பண்ண?

நாரை காய்ஞ்ச மேனிக்கு கொட்டாதீங்க, ஒரு ராத்திரி ஊறவச்சு கூழாக் கரைச்சு ஊத்துங்க. மேல இருந்து பம்ப் வச்சு அழுத்தாதீங்க, நார் மெத்தை மாதிரி அமுங்கி வழி மூடிக்கும், தானா சொட்ட விடுங்க. இன்னொண்ணு, எத்தனால் ஏறினா நார் சுருங்கும், அப்ப சுவரோரம் இடைவெளி விழுந்து கரைசல் அதுவழியா ஓடிடும். அதனால நீங்க யூஸ் பண்ணப் போற அதிகபட்ச எத்தனால ஒரு தடவ முன்கூட்டியே ஓட்டி, சுருங்கற சுருக்கம் எல்லாம் சுருங்கட்டும்னு விட்டு, மேல அடைப்ப இறக்கி வச்சுட்டு ஆரம்பிங்க.

நார் பிரவுன் ஆகிடுச்சு, எத்தனால் ஊத்தினாலும் போகல. ஏன்?

பாலிபீனால் காத்து பட்டு குயினோன் ஆயிடுச்சு. குயினோன் வந்து ஹைட்ரஜன் பிணைப்புல ஒட்டறதில்ல, நார்ல மிச்சம் இருக்கற அமினோ குழுவோட நேரடியா வேதிப் பிணைப்பு போட்டுக்குது, அது திரும்பாது. கொஞ்சம் காரத்தன்மை இருந்தாலே இது வேகமா நடக்கும். சாறோட பிஹெச்ச 5 பக்கம் வையுங்க, எடுத்த அன்னைக்கே ஓட்டுங்க, ராத்திரி முழுக்க குழாய்லயே விட்டுட்டுப் போகாதீங்க, தேவைன்னா கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் சேருங்க. மிச்ச அமினோ குழுவ முன்னாடியே மூடி வச்சிருந்தா பிரவுன் ஆகறது குறையும், குறுக்குப் பிணைப்போட அதிகம் பேசப்படாத ஒரு நன்மை இது.

பாலிஅமைடு, ரெசின் எல்லாம் ரெடியா கிடைக்கறப்ப இது எதுக்கு?

நியாயமான கேள்வி. நைலான் மாதிரி செயற்கையா செஞ்ச பாலிஅமைடும் இதே அமைடு பிணைப்பு (புரதத்துல பெப்டைடு பிணைப்புன்னு சொன்னேனே அதே வகை) தத்துவம்தான், ஃபிளேவனாய்டுக்கு அருமையா வேலை செய்யும், அத நான் குறை சொல்லவே மாட்டேன். தோல் நார்ல வித்தியாசம் எங்கன்னா டானின்ல. உருண்டை ரெசின்ல பெரிய மூலக்கூறு சின்னத் துளைக்குள்ள நுழைஞ்சு வரணும், ஊறின தோல் நார்ல இழைக்கு நடுவுலயே வழி இருக்கறதால சீக்கிரம் உள்ள போய் உக்காந்துக்கும்.

மூலிகைச் சாறுல இருந்து டானினை மட்டும் எடுக்க சீனாவுல சிச்சுவான் பல்கலைக்கழகத்துல தோல் நாரை வச்சு நிறைய வேலை பண்ணியிருக்காங்க. அது ஏன் அவசியம்னா, செடிச் சாறு ஏதோ ஒரு நொதியத் தடுக்குதான்னு சோதிக்கறப்ப டானின் இருந்தா அது எந்தப் புரதம் கிடைச்சாலும் பிடிச்சு நொதிய முடக்கிடும், நாம பெரிய மருந்து கண்டுபிடிச்சுட்டோம்னு நினைச்சுடுவோம். சாறுல எத்தனால் கலந்து நார் வழியா விட்டா சின்ன ஃபிளேவனாய்டு பெரும்பாலும் ஒட்டாம ஓடிடும், டானின் நின்னுடும். வெளிய வந்த திரவத்துல எத்தனால ஆவியாக்கிட்டு உப்பு சேர்த்த ஜெலட்டின் கரைசல் விட்டுப் பாருங்க, கலங்கலன்னா டானின் போயாச்சு. அப்புறம் நொதி சோதனைய திரும்பப் பண்ணுங்க, பலன் மறைஞ்சு போனா வருத்தமாத்தான் இருக்கும், ஆனா அதுதான் நிஜம்.

எவ்வளவு பிடிச்சுதுன்னு கணக்கு?

லிட்டருக்கு 1 கிராம் இருக்கற கரைசல் 100 மில்லி எடுத்து அரை கிராம் நார் போட்டீங்க, கடைசில லிட்டருக்கு 0.4 கிராம் மிச்சம்னு வைங்க. குறைஞ்சது 0.6, நூறு மில்லிக்கு 60 மில்லிகிராம், அத அரை கிராமால வகுத்தா கிராமுக்கு 120 மில்லிகிராம். நார் போடாத ஒரு குடுவையும், சாறு ஊத்தாம நார் மட்டும் போட்ட ஒரு குடுவையும் கூடவே வைங்க. ரெண்டாவது ஏன்னா கரையற புரதம் 280 நானோமீட்டர்ல ஒளிய உறிஞ்சி உங்க அளவ ஏமாத்தும்.

ஒரே நாரை எத்தன தடவை யூஸ் பண்ணலாம், எப்படி வைக்கறது?

எண்ணிக்கை சாறப் பொறுத்தது. ஒவ்வொரு தடவையும் 70 சதவீத எத்தனால்ல நல்லா கழுவி, தண்ணிக்கு மாத்தி, தெரிஞ்ச ஒரு பொருள் ஒண்ண, ருட்டின் மாதிரி, கொஞ்சமா ஓட்டி எத்தனாவது மில்லில இறங்குதுன்னு குறிச்சு வைங்க. அந்த நம்பர் முன்னாடி தள்ளி வர ஆரம்பிச்சா நார் தீர்ந்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். விடாப்பிடியா ஒட்டினத யூரியா கரைசல்ல ஒரு தடவ இறக்கிப் பாருங்க, அதுலயும் நிறம் போகலன்னா மாத்திடுங்க. சும்மா வைக்கறப்ப 20 சதவீத எத்தனால்ல மூழ்கவச்சு குளிர்ல வைங்க, உறையவிடாதீங்க, பாட்டில் மேல தேதியும் எந்தச் சாறு ஓடுச்சுன்னும் எழுதி ஒட்டுங்க, ஏன்னா கடுக்காய் ஓடின நாரையும் டீ ஓடின நாரையும் ஆறு மாசம் கழிச்சுக் கண்ணால பார்த்து யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.